தொப்புள் ஆறாத மீன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. தோட்டத்துக் குழாயடியில் உட்கார்ந்து சுறா கழுவிக்கொண்டிருந்தேன். முழங்கை நீளத்தில் இரண்டு. தலை இல்லை. எங்கள் செஞ்சிக்குச் சுறா எப்போதுமே தலை இல்லாமல்தான் வரும். அதில் சந்தேகப்பட எதுவும் இல்லை.

வயிற்றுப் பக்கம் திருப்பித் தேய்த்தபோது, முன் துடுப்புகள் இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் கீறல் தெரிந்தது. கத்தி பட்டிருக்கும் என்று நினைத்து விரலால் தடவினேன். வெட்டு இல்லை. ஓரம் மடிந்து, பாதி மூடி, பாதி மூடாமல்... இரண்டாவது மீனைத் திருப்பினேன். அதே இடம். அதே கீறல்.

இரண்டு மீனிலும் ஒரே இடத்திலா கத்தி படும்?

உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள் — குழந்தைக்குத் துண்டு வேண்டுமாம். எடுத்துக்கொண்டு போனேன். அக்காவின் மகள், பிறந்து மூன்று வாரம்கூட ஆகாத மகாராணி, குளித்துவிட்டுக் கிடந்தாள். கொடி விழுந்த தொப்புளைச் சுற்றி அம்மா ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். இன்னும் சரியாக ஆறவில்லை. ஓரம் மடிந்து, பாதி மூடி, பாதி மூடாமல்...

கையில் மீன் வாசனையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

விலங்கியல் படித்தவள் நான். சுறாக்களில் பல முட்டையிடாது, குட்டி போடும். அவற்றில் சிலவற்றுக்கு நம்மைப் போலவே நஞ்சுக்கொடியும் தொப்புள்கொடியும் உண்டு. மாதக்கணக்கில் வயிற்றில் சுமக்கும் — எல்லாம் தெரியும். ஆனால் அது நம் வீட்டுக் குழாயடிக்கே வரும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லையே! அக்காவுக்குப் பால் ஊற வேண்டும் என்று வாங்கிய மீன், அக்கா மகளைப் போலவே பச்சைக் குழந்தை.

பனமலை ஏரியில் பறவை எண்ணப் போய்ச் சேற்றில் செருப்பைத் தொலைத்தவள் என்று, முன்பு நான் எழுதியதைப் படித்த உங்களில் சிலர் என்னை ஞாபகம் வைத்திருப்பீர்கள். எனக்கு ஒன்று தோன்றிவிட்டால் வாயை மூட முடியாது. அங்கேயே நின்று ஆரம்பித்தேன். சுறா, தொப்புள், கடல், அழிவு... மூச்சு விடாமல்.

அக்கா சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ராத்திரி முழுக்க அழுத குழந்தை, தூங்காத கண்கள். பால் போதவில்லை என்பதுதான் வீட்டில் அந்த வாரம் முழுக்கப் பேச்சு. அவள் மாமியார் அனந்தபுரத்திலிருந்து தினமும் போன் போட்டு, பால் சுறா கொடுத்தீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரிடி. நாளைக்கி பால் நின்னுபோச்சுன்னா, உன் சுறாவா வந்து எம் பொண்ணுக்குக் குடுக்கும்? எல்லாரும் என்னத்தான கேப்பாங்க?" என்றாள் அக்கா.

அவளுக்கு அது மீன் இல்லை. குழந்தை இளைத்துப்போனால் யார் மேல் பழி விழும் என்ற கணக்கு.

அன்றைக்கு அது சுறாப் புட்டு ஆனது. அக்கா சாப்பிட்டாள். நான் தடுக்கவில்லை, செத்த மீனை ஒளித்து வைத்து எந்தக் கடலைக் காப்பாற்றுவது?

ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை. தெருமுனையில் மொபெட்டில் ஐஸ் பெட்டி கட்டி மீன் விற்கும் ஏழுமலை அண்ணனிடம் போனேன். விடியலில் மரக்காணம் கடற்கரைக்குப் போய் வாங்கி வருபவர். இது எந்தச் சுறா என்று கேட்டேன்.

"இன்னா பாப்பா, பால் சுறாதான்" என்றார்.

தலையுடன் ஏன் கொண்டு வருவதில்லை என்று கேட்டதும் சிரித்தார்.

"தலயோட கொண்டாந்தா எவன் வாங்குவான்? பாதி கொம்பன்சுறா குட்டி. ரெண்டு பக்கமும் தல நீட்டிக்கினு இருக்கும். பிள்ள பெத்தவளுக்கு இதையா குடுப்பேன்னு என்னியே திட்டுவாங்க. தலய எடுத்துட்டா எல்லாம் பால் சுறாதான்."

இதுதான் எங்கள் ஊரின் தப்பு. பால் சுறா என்று நிஜமாகவே ஒரு சாதி உண்டு. வளர்ந்தாலும் பெரிதாக ஆகாது. கடற்கரையில் இருப்பவர்களுக்கு அது தெரியும். ராஜகிரிக் கோட்டை உச்சியில் ஏறினாலும் கண்ணுக்குக் கடல் எட்டாத எங்களுக்கு? சின்னதாக இருந்தால் பால் சுறா. அவ்வளவுதான். பேருந்து நீளத்தில் பாதி வளர வேண்டிய, சுத்தியல் தலைக் கொம்பன்சுறாவின் குட்டியும் எங்கள் சட்டியில் பால் சுறா என்ற பெயரில்தான் வேகிறது.

சுறாத் துடுப்பு பறிமுதல் என்று பேப்பரில் செய்தி வரும்போது என்ன செய்கிறோம்? யாரோ கடத்தல்காரன், எங்கேயோ ஒரு துறைமுகம், ஏதோ வெளிநாட்டு சூப்பு — பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். ஏற்றுமதிக்குத் தடை இருக்கிறது, சரி. பெரிய சுறா துடுப்புக்காகப் போகிறது. குட்டி நம் புட்டுக்காக வருகிறது. ஒரு சுறா தாயாவதற்கே பல வருஷம் ஆகும். தாயையும் எடுத்து, பிள்ளையையும் எடுத்தால் கடலில் மிச்சம் யார்?

திங்கட்கிழமை அக்காவை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சுறாவுக்காக இல்லை, பாலுக்காக. அங்கே இருந்த நர்ஸ் அதிகம் பேசவில்லை. குழந்தையைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்தார், கொஞ்சம் திருப்பி வைத்தார். அடிக்கடி கொடு, வேளைக்குச் சாப்பிடு, தண்ணீர் குடி, தூக்கம் வந்தால் தூங்கு என்றார். நான் விடுவேனா? சுறாவைப் பற்றிக் கேட்டேன்.

"சாப்டா சாப்டட்டும். சாப்டலன்னா பால் நிக்காது. பருப்பு, முட்ட, எந்த மீனா இருந்தாலும் சரி. மொதல்ல டென்ஷன் ஆவாம இருக்கச் சொல்லு. உன்னியப் பாத்தாலே எனக்கு டென்ஷன் ஆவுது."

அக்கா அன்றைக்குத்தான் பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். என்னைப் பார்த்துத்தான் என்பது வேறு விஷயம்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று அளக்க மாட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை ராத்திரி குழந்தை வயிறு நிறைந்து தூங்கியது. நாங்களும்தான்.

ஏழுமலை அண்ணனிடம் மறுபடி போனேன். பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சுறாவுக்குப் பதில் காரப்பொடி மீனும் நெத்திலியும் கொண்டு வரச் சொன்னேன். முதலில் முகம் கொடுக்கவில்லை. காரப்பொடியில் தனக்கு என்ன லாபம் நிற்கும் என்றார். நான் நகரவில்லை. கடைசியில், தெருவில் நாலு வீடு சேர்ந்து கேட்டால் கொண்டு வருகிறேன் என்றார். இரண்டு வீடு சம்மதித்தாயிற்று. மூன்றாவது வீட்டு மாமி என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்துகிறார். சாத்தட்டும். கதவு என்று இருந்தால் திறக்கத்தானே வேண்டும்?

அதற்குள் நேற்று அனந்தபுரத்திலிருந்து போன். நாங்கள் இனிமேல் சுறா வாங்கப்போவதில்லை என்று அம்மா எப்படியோ உளறிவிட்டாள். உடனே மாமியார் சொன்னாராம்: "நீங்க வாங்காட்டி போங்க. ஞாயித்துக்கெழம நானே வாங்கினு வரேன்."

நான் பேச வேண்டியதை எல்லாம் மனதுக்குள் அடுக்க ஆரம்பித்தேன். கொம்பன்சுறா, தொப்புள்கொடி, நர்ஸ் சொன்னது... மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ ஒண்ணும் பேசாத. மீன கழுவி, வயித்துப் பக்கம் மேல வர்ற மாதிரி தட்டுல வை. நான் பாப்பாவத் தூக்கினு வந்து அத்த பக்கத்துல ஒக்காந்துக்கறேன். பாத்தாங்கன்னா புரியும். அவங்களும் பெத்தவங்கதான."

நாளைக்கு ஞாயிறு. தட்டு தயார். மீனும் வந்துவிடும்.

நான் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும் — திட்டத்திலேயே கஷ்டமான பகுதி அதுதான்.