நாலு நிறக் கோட்டை

எனக்குப் பொறுமை கிடையாது. பால் பொங்கும்வரை அடுப்பருகே நிற்க முடியாமல் நான் தீய்த்த பாத்திரங்களை வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுவார்கள். அப்படிப்பட்டவள் மூன்று வாரமாக ராப்பகலாக லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு, நான் ஏழாவது படித்த காலத்துக் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் சிங்கப்பூரிலிருந்து அண்ணன் போனில் சொன்ன ஒரு பேச்சால் வந்தது. அவன் மகன் ஏதோ பழைய விளையாட்டைப் புது மெஷினில் ஓடவிட்டானாம். "நம்ம வீட்லகூட ஒரு கோட்டை கேம் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? அந்தப் பய கெடுத்துத் தொலைச்சானே" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பய கெடுக்கவில்லை. கெடுத்தது நான்.

தொண்ணூறுகளின் நடுவில் அண்ணன் தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் டிகிரி கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தான். மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று திருத்துறைப்பூண்டி வீட்டில், விதைநெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில், ஸ்டெபிலைசரின் முனகலோடு உட்கார்ந்திருந்தது. அண்ணனின் உயிர் நண்பர் கும்பகோணத்துக்காரர். அவருடைய அண்ணன் துபாயிலிருந்து கொடுத்தனுப்பியதுதான் அந்த விளையாட்டு. கறுப்பு, வெள்ளை, ரோஸ், வெளிர்நீலம் என்று நாலே நிறம். தீப்பந்தத்தோடு ஒருவன் கோட்டைக்குள் ஓடுவான். கம்ப்யூட்டரின் வயிற்றிலிருந்து பீப் பீப் என்று சத்தம் வரும். இதையெல்லாம் பதிந்துவைக்கும் ஃப்ளாப்பி அவ்வளவு சுலபத்தில் கிடைக்காது என்பதால் விளையாட்டும் அண்ணனின் ப்ராஜெக்ட்டும் ஒரே ஃப்ளாப்பியில் இருந்தன. நண்பர் அதை விளையாட இரண்டு நாள் வாங்கிப்போய், சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் திருப்பிக் கொடுத்தார்.

பூஜைக்குப் புத்தகம் அடுக்கிப் பொட்டு வைப்பது என் வேலை. அண்ணனின் படிப்பெல்லாம் ஃப்ளாப்பிக்குள் இருக்கும்போது அதற்குப் பொட்டு வைக்காமல் விட்டால் சாமி குற்றமாகிவிடாதா? காகித உறை கறைபடுமே என்று ஃப்ளாப்பியை வெளியே எடுத்தேன். அப்பளம் போல வளையும் அந்தச் சதுரத்தின் ஒரு பக்கம், உள்ளே இருக்கும் பழுப்புத் தட்டு தெரிகிற மாதிரி ஒரு திறப்பு இருக்கும். பொட்டு வைக்க அதைவிட வாகான இடம் இருக்குமா? சந்தனத்தைக் குழைத்து அங்கேயே வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன். மறுநாள் பார்த்தால் காய்ந்து அடையாகியிருந்தது. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து உறைக்குள் போட்டுவிட்டேன்.

அண்ணன் அதைச் செருகியதும் டிரைவ் கரகரவென்று அரைத்தது. மூன்று மாத ப்ராஜெக்ட் போயே போய்விட்டது. "உன்கிட்ட குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று அவன், அப்போது கூடவே இருந்த நண்பரைப் பார்த்துக் கத்தினான். "நான் ஒண்ணுமே பண்ணலைடா" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். அடி விழும் என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. அன்றோடு அண்ணன் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். அவன் சிங்கப்பூருக்குக் கிளம்பிய நாளில் அவர் தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நின்றார். அண்ணன் அங்கே ஆளே இல்லாத மாதிரி அவரைத் தாண்டிப் பெட்டியோடு பஸ்ஸில் ஏறினான். வழியனுப்பப் போயிருந்த நான் அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

விளையாட்டைக் கண்டுபிடித்து, ஓடவைத்து, அண்ணன் குஷியாக இருக்கும் நேரம் பார்த்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் திட்டம். வெறுங்கையோடு எப்படிச் சொல்வதாம்? இந்தச் சாக்கை வைத்துக்கொண்டே நாளைக் கடத்தினேன். விளையாட்டின் பெயரும் தெரியவில்லை. பழைய விளையாட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் தளங்களில் நூற்றுக்கணக்கில் கோட்டைகள் இருந்தன. ஒன்றில் நிறம் பொருந்தாது, இன்னொன்றில் பந்தம் இருக்காது. கிடைத்ததில் பாதியையாவது திறந்து பார்க்கலாமென்றால், இந்த மெஷினில் இது ஓடாது என்று லேப்டாப் முகத்தில் அடித்த மாதிரி சொல்லும். பரீட்சைத்தாள் கட்டு திருத்தப்படாமல் கிடந்தது. தூக்கம் கெட்டது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கும்பகோணத்துக்கு பஸ் ஏறினேன்.

அண்ணனின் நண்பர் அங்கே கண்காணிப்புக் கேமரா மாட்டிக்கொடுக்கும் கடை வைத்திருந்தார். தாடி நரைத்திருந்தது. நான் யாரென்று சொன்னதும், "அட, நீயாம்மா! உட்காரு, உட்காரு" என்று டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பினார். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோட்டை விளையாட்டின் பெயர் வேண்டும் என்றேன். யோசிக்கவேயில்லை, பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எட்டு இங்கிலீஷ் எழுத்தில் பெயரை எழுதினார். தேடினால் இரண்டாவது வரியிலேயே நின்றது. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கிற ஒரு சாஃப்ட்வேரை இறக்கி, அதற்குள் விளையாட்டை ஓடவிட்டார். அதே நாலு நிறம்தான். ஆனால் கையை வைப்பதற்குள் பந்தக்காரன் சுவரில் மோதிச் செத்தான். மறுபடி ஓடவிட்டார், மறுபடி செத்தான்.

"உன் மெஷினுக்கு வேகம் ஜாஸ்திம்மா. அந்தக் காலத்து மெஷின் எவ்வளவு மெதுவோ அவ்வளவுக்கு இதைப் பிடிச்சு நிறுத்தணும்" என்று சொல்லி ஒவ்வொரு படியாகக் குறைத்தார். பந்தக்காரன் நிதானமாக நடக்கத் தொடங்கினான். அவர் விளையாடினார். எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று விரலுக்கே தெரிந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அண்ணே, அந்த ஃப்ளாப்பியைக் கெடுத்தது நான்தான்" என்று சொல்லிவிட்டேன். சந்தனம், ஈரத்துணி, கதவுக்குப் பின்னால் நின்றது, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விரல் மட்டும் நின்றுவிட்டது.

"உங்கண்ணன்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்லண்ணே. முதல்ல உங்ககிட்ட சொல்லணும்னு…"

"எங்கிட்ட என்னத்துக்கும்மா? நான் கெடுக்கலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமே."

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அங்கேயே, அந்த நாற்காலியிலேயே, போனை எடுத்தேன். அண்ணன் முதல் ரிங்கிலேயே எடுத்து, "என்ன, கேம் கிடைச்சுதா?" என்றான்.

"கேமை விடு" என்று ஆரம்பித்துச் சொல்லி முடித்தேன். லைன் போய்விட்டதா என்று இரண்டு தடவை பார்த்தேன். பிறகு அண்ணன், "இப்ப எங்க இருக்கே?" என்றான். சொன்னேன்.

"அவன்கிட்ட போனைக் குடு."

நீட்டினேன். அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை நீட்டவில்லை.

"நேர்ல வரச் சொல்லும்மா" என்றார்.