கேம் சீடிக்குள் கிடைத்த மண்சரிவு

தகரத்தை ஆணியால் கீறியதுபோல ஓர் இரைச்சல். கம்ப்யூட்டர் விளையாட்டுச் சீடியைப் பாட்டுக் கேட்கும் பெட்டியில் போட்டால் முதலில் வருவது அதுதான். பயப்படாமல் அடுத்த பொத்தானை அழுத்தினால், சில சீடிகளில் இரண்டாவது தடத்திலிருந்து கொம்பும் முரசுமாகப் போர்க்கள இசை கிளம்பும். இதை நானும் என் பள்ளித்தோழி மீனாவும் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தோம். மீனாவின் அப்பா பதுளை பசாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடைக்கு மேல்மாடியில் வீடு. கொழும்புக்கு வேலைக்குப் போன அவளுடைய அண்ணன், பழைய கம்ப்யூட்டரையும் ஒரு பிஸ்கட் டின் நிறைய விளையாட்டுச் சீடிகளையும் விட்டுப் போயிருந்தார். பசறைப் பாதையில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து சனிக்கிழமைகளில் டியூஷனுக்கு வரும் நான், வகுப்பு முடிந்ததும் நேரே அந்த மேல்மாடிக்குத்தான் ஏறுவேன்.

எங்களுக்கு விளையாட்டில் ஆசை இல்லை, சத்தங்களில்தான் ஆசை. பல சீடிகளில் சத்தங்களெல்லாம் ஒரே பெரிய கோப்புக்குள் மூட்டை கட்டி வைக்கப்பட்டிருக்கும். அதைப் பிரிக்கும் சின்ன மென்பொருள் ஒன்றும் அண்ணனுடைய கம்ப்யூட்டரிலேயே இருந்தது. பிரித்தால் நூற்றுக்கணக்கில் கொட்டும். எதற்கும் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டோம்: 112, குதிரை. 113, குதிரை, தூரத்தில். 140, இரும்புக் கதவு. 141, யாரோ சாகிறான்.

பத்தாம் வகுப்பில் மாகாண நாடகப் போட்டிக்கு நான் ஒரு நாடகம் எழுதினேன். அடைமழையில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடான ஒரு "லயம்" புதைந்துபோவது கதை. மலை சரியும் இடத்தில் தகரத்தை அடித்துச் சமாளிக்கலாம் என்றார் நாடக டீச்சர். "சத்தத்த நாங்க பாத்துக்கிறோம் டீச்சர்" என்று நான் சொன்னேன். கொப்பி கையில் இருந்த தைரியம். போர் விளையாட்டிலிருந்து ஒரு குண்டுவெடிப்பை எடுத்து, நான்கு மடங்கு மெதுவாக ஓடவிட்டால், அடிவயிற்றில் உருளும் ஒரு முழக்கம் கிடைத்தது. எனக்கு அது பெரிய வெற்றியாகத் தெரிந்தது.

அதைச் சீடியில் பதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, லயத்தில் எங்கள் குடும்பம் இருந்த ஒற்றை அறையான "காம்பரா"வில் பாட்டுப் பெட்டியில் போட்டேன். அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். சிறுவயதில் ஒரு மண்சரிவில் அம்மா தன் தங்கையை இழந்தவர் என்பது எனக்குத் தெரியும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. அதைப் பற்றி அம்மா பேசியதில்லை, எங்கள் வீட்டில் யாரும் கேட்டதுமில்லை. நாடகத்தின் கதையைக்கூட நான் அவரிடம் சொல்லாமல்தான் வைத்திருந்தேன்.

முழக்கம் ஓய்ந்ததும் அம்மாவின் கை நின்றது.

"என்னா புள்ள இது?"

"மலை சரியிற சத்தம்மா. நாடகத்துக்கு."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "இப்புடி வராது" என்றார். "இது கல்லுக்கு வேட்டு வைக்கிற சத்தம். மலை மொதல்ல கிழியும். பழைய சேலையக் கிழிக்கிற மாதிரி, மெதுவா. பக்கத்துக் காம்பராவுல யாரோ துணி கிழிக்கிறாங்கன்னுதான் நாங்க நெனச்சோம்."

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரம் ஒண்ணுமே இல்ல, நாய்கூடக் கொலைக்கல. அந்த நேரத்துலதான் எல்லாரும் ஓடிருக்கணும்."

"நாடகம் வேணாம்னா நிப்பாட்டிர்றேம்மா" என்றேன்.

"ஏன் நிப்பாட்டணும்? செய்யிறதச் சரியா செய்யி."

அடுத்த சனிக்கிழமை டின்னில் இருந்த சீடிகளையெல்லாம் பிரித்தோம். கடற்கொள்ளைக்காரர் விளையாட்டு ஒன்றில், புயலில் கப்பற்பாய் கிழியும் சத்தம் அகப்பட்டது. மெதுவாக்கினோம், சேலையாகவே கேட்டது. அதற்குப் பின் முழு நிசப்தம், அதற்கும் பின்தான் முழக்கம் என்று நான் அடுக்கியபோது மீனா ஒத்துக்கொள்ளவில்லை.

"சீடி நின்னுருச்சுன்னு சிரிப்பாங்கடி."

"சிரிக்கட்டும்" என்றேன்.

போட்டியன்று எங்கள் லயத்துப் பெண்கள் ஐந்தாறு பேரோடு அம்மாவும் பஸ் ஏறிப் பதுளைக்கு வந்து, மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரைக்குப் பின்னால் நின்று பொத்தானை அழுத்தியது நான்தான். கிழிசல் கேட்டது, பிறகு நிசப்தம். மீனா சொன்னதுபோலவே முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆனால் பின்வரிசையில் எங்கள் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டதைத் திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். சிரித்தவரும் அடங்கிப்போனார். அதன் பிறகு மலை இறங்கியது.

எங்களுக்கு இரண்டாமிடம் கிடைத்தது. சத்தத்தை எந்த மலையில் பதிவுசெய்தீர்கள் என்று நடுவர் கேட்டார். "கேம் சீடியில இருந்து எடுத்தோம் சேர்" என்றாள் மீனா. கேலி செய்கிறோம் என்று நினைத்து அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது எங்களுக்குப் பெரிதாகப் படவில்லை. திரும்பும் பஸ்ஸில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, தங்கையின் பெயர் செல்வி என்றும், அவளும் முதலில் வெளியே வந்துவிட்டாள், ஆட்டுக்குட்டியை அவிழ்க்கத்தான் திரும்பிப் போனாள் என்றும் சொன்னார். தோட்டத்து முடக்கில் இறங்கும்வரை நிறுத்தாமல் பேசினார்.

இன்று கொழும்பில் நாடகங்களுக்கும் விளம்பரங்களுக்கும் சத்தம் சேர்ப்பதுதான் என் தொழில். வேண்டியதெல்லாம் பெயர் எழுதியே இணையத்தில் கிடைக்கிறது. எண்களை எழுதிய கொப்பி யாருக்கும் தேவையில்லை. என் மடிக்கணினியில் சீடி போட இடமே கிடையாது. மீனாவின் வீட்டுக் கடையில் இப்போது போன்கள் விற்கிறார்கள். பிஸ்கட் டின் எந்தக் குப்பையோடு போனதோ அவளுக்கே தெரியாது. ஆபத்தான இடமென்று அடையாளமிட்டு எங்கள் லயத்தையும் காலி செய்துவிட்டார்கள். அம்மா இப்போது சமதரையில், கொங்கிரீட் கூரை போட்ட சிறிய வீட்டில் இருக்கிறார். போன மாதம் போனபோது, "இங்க ராவு மழ பேஞ்சதே காலையில முத்தத்து ஈரத்தப் பாத்தாத்தான் தெரியுது" என்றார். ஏதோ குறை சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தபோதுதான், லயத்தில் மழை இரவெல்லாம் விழித்தே கிடந்தவர், இப்போது நன்றாகத் தூங்குகிறேன் என்று சொல்கிறார் என்பது புரிந்தது.