செத்த வீட்டில் சொன்ன சொல்

செத்த வீட்டுக்காகப் பொலித்தீனில் வெட்டிக் கட்டும் வெள்ளைக் கொடிகள் கடற்காற்றில் சரசரக்கும் சத்தம் கேட்டால், வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த ஒழுங்கைதான் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் வரும். எனக்கு அப்போது ஒன்பது வயது. பக்கத்துச் சிங்கள வீட்டு நந்தா ஆன்ட்டியின் ஒரே மகன், எனக்குச் சைக்கிள் பழக்கிய, அண்ணா என்று அவர்கள் மொழியில் நான் கூப்பிடும் சமன் 'அய்யே', இராணுவத்தில் சேர்ந்து வடக்குச் சண்டையில் செத்து, திறக்கக்கூடாத பெட்டியில் வந்திருந்தார்.

அம்மா சோறும் பருப்பும் சமைத்தார். செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அயலவர்தான் சாப்பாடு கொடுப்பார்கள் என்பது அவர்களுக்கும் எங்களுக்கும் பொதுவான வழக்கம். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"அவன்ர ஆக்கள் அடிச்ச ஷெல்லிலதானே உன்ர அக்கா போனவ? நாங்கள் குடுத்தால் அவையள் தின்னுவினமோ? வாசல் முழுக்க ஆமிக்காரர். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போறியே!"

"அக்கான்ர செத்த வீட்டுக்குப் போகப் பாதை இருக்கேல்லை. இது பக்கத்து வீடு" என்றார் அம்மா. சோதனைச் சாவடிக்குப் பயந்து, வீதியில் இறங்கும்போதெல்லாம் அழித்துவிடும் பொட்டை அன்றைக்கு அழிக்கவும் இல்லை.

ஆன்ட்டி பெட்டியில் தலையைச் சாய்த்தபடி இருந்தார். கூடத்தில் இருந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் சாப்பாட்டை வாங்கவில்லை. சட்டியோடு நின்றுகொண்டே இருந்த அம்மா, பிறகு அதை மேசையில் வைத்துவிட்டுச் சொல்லிக்கொள்ளாமல் திரும்பினார். செத்த வீட்டில் 'போட்டு வாறன்', போய்த் திரும்பி வருகிறேன் என்று சொல்லக்கூடாதென எனக்கும் படித்துப் படித்துச் சொல்லித்தான் கூட்டி வந்திருந்தார். என் வாய் சும்மா கிடக்குமா? "கிஹின் என்னங், ஆன்ட்டி" என்று அதையே சிங்களத்தில் சொல்லிவிட்டேன். லீவு முடிந்து போகும்போதெல்லாம் சமன் அய்யே வாசல் 'கேற்றடி'யில் நின்று தாயிடம் சொல்லும் அதே சொல். அவரைக் கேட்டுத்தான் நானும் பழகியிருந்தேன்.

அம்மாவின் நகம் என் கையில் இறங்கியது. ஆன்ட்டி நிமிர்ந்து பார்த்தார். எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக் குழறி அழுதார். "நாளைக்கும் வா மகள், கட்டாயம் வா" என்றார் சிங்களத்தில். அம்மாவும் அழுதார், தன் அக்காவுக்கு அழ முடியாமல் போன அழுகையையும் அங்கேதான் அழுது தீர்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு ஆன்ட்டி எங்கள் சட்டியிலிருந்து ஒரு வாய் சோறு சாப்பிட்டார்.

மறுநாள் போனேன். பள்ளிக்கூடம் விட்டு நாள்தோறும் போனேன். வெறுக்கப் பழகுவதற்கு அந்த ஊரில் எனக்கு எல்லாக் காரணமும் இருந்தது. பழகவிடாமல் காப்பாற்றியவர்கள் இந்த இரண்டு பெண்களும்தான். அந்த நன்றி எனக்குத் தீராது.

இப்போது அந்த வீடுகள் இரண்டும் இல்லை, அங்கே மாடிக் குடியிருப்பு எழும்பிவிட்டது. ஆன்ட்டியும் போன வருஷம் போய்ச் சேர்ந்தார். பெட்டியருகே நின்று, செத்த வீட்டில் சொல்லக்கூடாத அந்தச் சொல்லை, இந்த முறை வேண்டுமென்றே சொல்லிவிட்டு வந்தேன்.