பின்பக்கத்துப் பொட்டு

எங்கள் காரைப் பற்றி ஊரில் ஆளாளுக்கு ஒரு கருத்து இருந்தது. கேட்டவர்களிடமும் சொன்னார்கள், கேட்காதவர்களையும் நிறுத்திவைத்துச் சொன்னார்கள். என்னிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. பொம்பளைக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்கிற நினைப்பு. அதில் குலுங்கிக் குலுங்கி இடுப்பொடிந்தவள் நான்தானே! அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு ஐந்தருவிப் பக்கம் ஒரு தோப்புக்குள் இருந்தது. நெல் வயல் குத்துக்கல்வலசையில், குடியிருப்பு இங்கே. வீட்டில் என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா, நான், மூன்றே பேர். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்குவது சுகம், ஏறுவதுதான் பாடு. முற்றத்திலிருந்து ரோடு வரைக்கும் செங்குத்தான செம்மண் பாதை. சாரல் பிடித்துவிட்டால் வெறுங்காலோடு நடக்கிறவர்களே இரண்டு தடவை விழுந்துதான் மேலே போய்ச் சேரவேண்டும்.

கல்யாணமான இரண்டாம் வருஷம், ஆடி மாதத்தில் எனக்கு வலி எடுத்தது. பார்க்க வந்த மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றாள். அவர் ஓடிப்போய் மாட்டை வண்டியில் பூட்டினார். அந்த ஏற்றத்தில் வண்டி மூன்று தடவை பின்னால் சறுக்கிக் கீழே வந்தது. நாலாவது தடவை ஏறி, குற்றாலம் தாண்டுவதற்குள் பிள்ளை வண்டியிலேயே பிறந்துவிட்டான். அவன் அழவில்லை. நாங்கள்தான் அழுதோம். இதற்கு மேல் அதை என்னால் எழுத முடியாது.

அதற்கப்புறம் அவர் மாட்டுத் தொழுவத்துப் பக்கமே போவதில்லை. அந்த இரண்டு மாடுகளையும் முகம்கொடுத்துப் பார்க்கமாட்டார். தண்ணீர் காட்டுவது, வைக்கோல் போடுவது எல்லாம் அத்தைதான். பாவம், வாயில்லாத ஜீவன்கள் என்ன செய்யும்? நான் சொல்லிப் பார்த்தேன். மனுஷன் கேட்கவில்லை. ஒருநாள் மதுரை போய்வந்தவர் கையில் ஒரு விளம்பரப் புத்தகம் இருந்தது. உலகத்திலேயே சல்லிசான கார் என்று அட்டையில் போட்டிருந்தது.

அந்தக் கம்பெனியின் கதையை அவர் புராணம் வாசிக்கிற மாதிரி வாசிப்பார். கடல் கடந்த ஏதோ ஓர் ஊரில் அண்ணன் தம்பி இரண்டு பேர் தையல் மிஷின் செய்து விற்றார்களாம். தையல் மிஷின் இருக்கிற வீட்டிலெல்லாம் ஒரு காரும் நிற்கவேண்டும் என்று தம்பிக்கு ஆசை வந்ததாம். அண்ணன் உட்கார்ந்து, காரில் எது எது இல்லாமல் போனாலும் அது ஓடும் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தானாம். கடைசியில் மிஞ்சியதுதான் எங்கள் கார்.

கழற்றியதெல்லாம் என்ன என்று அது வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது. டிரைவர் பக்கத்துக் கதவு வெறும் தகரம், திறக்காது. காலைத் தூக்கிப் போட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற முள் கிடையாது. என் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி உருவி டாங்கிக்குள் விட்டுப் பார்ப்பார். மாதம் ஒரு விளக்குமாறு அந்தக் காருக்கே போயிற்று. கறுப்பைத் தவிர வேறு நிறம் கிடையாது. வாசலில் வந்து நின்ற அன்றைக்கே அத்தை சொன்னார்: “என்னலே இது, எமன் ஏறி வந்த எருமை கணக்கா? இதுல நான் காலு வைக்கமாட்டேன்.”

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று இருந்தது. டாங்கி சீட்டுக்கு அடியில், இன்ஜின் முன்னால். பெட்ரோலைத் தள்ளுகிற பம்பையும் அந்த அண்ணன்காரன் கழற்றிவிட்டான். பெட்ரோல் தானாக வழிந்து இன்ஜினுக்குப் போகவேண்டும். சமதரையில் ஒன்றும் இல்லை. ஏற்றத்தில் மூக்கைத் தூக்கினால் இன்ஜின் மேலே, டாங்கி கீழே. டாங்கி நிறைய இருந்தால் எப்படியோ ஏறும். குறைந்திருந்தால் நாலு இருமல் இருமிவிட்டு நின்றுவிடும். அதற்கு அந்தக் கம்பெனிக் கார்க்காரர்கள் எல்லோரும் ஒரே வழிதான் வைத்திருந்தார்கள். வண்டியைத் திருப்பி, ரிவர்ஸில் ஏறுவது. அப்போது டாங்கி மேலே வந்துவிடும்.

தென்காசி வட்டாரத்தில் அதே கார் இன்னும் இரண்டு பேரிடம் இருந்தது. ஒருவர் தென்காசி வக்கீல். “கார்னு சொல்லாதீரும், கோர்ட்டுல வாய்தா வாங்குத கட்சிக்காரன்னு சொல்லும். இன்னைக்கு வாறேம்பான், வரமாட்டான்” என்பார். ஆனால் வேறு யாராவது அதைக் குறை சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவார். இன்னொருவர் ஆய்க்குடி அண்ணாச்சி. அவர் முதல் வாரமே காரை வாய்க்காலுக்குள் இறக்கி, மாட்டைக் குளிப்பாட்டுகிற மாதிரி வைக்கோல் பிரியால் தேய்த்துக் குளிப்பாட்டினாராம். இன்ஜினுக்குள் தண்ணீர் போய், நாலு நாள் அசையவில்லை. மாடு கட்டித்தான் கரையேற்றினார்கள். அதிலிருந்து யார் கேட்டாலும் அவர் பதில் ஒன்றுதான்: “ரெண்டு மாடு மட்டும் கையில இருந்துச்சுன்னா, இதைவிட நல்ல கார் கெடையாது.”

என் வீட்டுக்காரரின் கருத்து என்ன? அவர் ஒன்றும் சொல்லமாட்டார். துடைப்பார், ஹேண்டிலைப் போட்டுச் சுற்றுவார், ஈர்க்குச்சி விடுவார். மறுபடியும் நான் உண்டாகியிருந்தேன். எதற்குத் துடைக்கிறார் என்று எனக்குத் தெரியும். இந்தப் பிள்ளை உயிரோடு வந்து சேரவேண்டும். வீட்டில் மூன்று பேருக்கும் வேறு நினைப்பே இல்லை. யாரும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை.

ஏழாம் மாதம் முடிந்ததிலிருந்து தினம் காலையில் அந்த ஏற்றத்தில் ரிவர்ஸில் ஏறிப் பழக ஆரம்பித்தார். கழுத்தைத் திருப்பிக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு. “ஊரெல்லாம் முன்னால போகுது, நீங்க மட்டும் பொறத்தால போறீக” என்று நான் சிரிப்பேன். அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருநாள் காருக்குக் குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

“ஏலே, புள்ளத்தாச்சியப் பொறத்தாலயா கொண்டுபோவ? அன்னைக்கு வண்டி பொறத்தால சறுக்குச்சுல்லா, அதுலதானே போச்சு? நல்ல காரியத்துக்குப் போகையில மொகம் பாத்துப் போகணும். எம்மேல சத்தியம் பண்ணு.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எனக்கும் பயம்தான், பொய் எதற்கு? அவர் சத்தியம் பண்ணினார். டாங்கியை எந்நேரமும் நிறைத்து வைத்துக்கொண்டால் முன்னாலேயே ஏறிவிடலாம் என்பது அவர் கணக்கு. இந்த மனுஷன் செய்த தப்பு என்ன தெரியுமா? சத்தியம் பண்ணிய பிறகும் பழகுவதை விடவில்லை. இப்போது தினம் முன்பக்கமாக ஏறிப் பழகினார். ஏறி ஏறியே டாங்கியைக் காலியாக்கிக்கொண்டிருந்தார். தென்காசிக் கடைக்கு வரவேண்டிய பெட்ரோல் டின் மழையில் வரவில்லை. ஒருநாள் காலையில் ஈர்க்குச்சியின் நுனி மட்டும்தான் நனைந்தது.

அன்றைக்கு மத்தியானமே எனக்கு வலி எடுத்துவிட்டது. சாரல் சன்னமாக விழுந்துகொண்டே இருந்தது. என்னைப் பின்சீட்டில் ஏற்றினார்கள். மூன்றாவது சுற்றில் இன்ஜின் பிடித்தது. அத்தை காருக்குப் பக்கத்தில் நடந்து வந்தார். ஏற மாட்டேன் என்று சொன்னவர் ஏறவில்லை. பாதி ஏற்றம் வரை கார் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் இருமியது. இன்னொரு தடவை இருமியது. நின்றுவிட்டது.

நின்றது மட்டுமா, சேற்றில் பின்னால் வேறு சறுக்கியது. அதே இடம். அதே மழை. அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டு, “ஐயோ, சறுக்குதே! சறுக்குதே!” என்று கத்தினார். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார். அவருடைய பிடரியைத்தான் என்னால் பார்க்க முடிந்தது.

எனக்கு வந்ததே கோபம்! இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததில்லை. “சத்தியமாவது ஒண்ணாவது! முன்னால போனா என்ன, பொறத்தால போனா என்ன? எம்பிள்ளை எனக்கு வேணும். திருப்புங்க!” என்று அலறினேன். அத்தையின் முன்னால் நான் குரலை உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை.

அத்தை சட்டென்று திரும்பினார். விறுவிறு என்று வீட்டுக்குள் இறங்கிப் போய்விட்டார். சரி, கோபித்துக்கொண்டு போகிறார், போகட்டும் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் காரை மெல்லக் கீழே இறக்கி, முற்றத்தில் திருப்பி, பின்பக்கம் ஏற்றத்தைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினார். ஆனால் கிளப்பவில்லை. அம்மாவுக்குப் பண்ணிய சத்தியம் கையைப் பிடித்து நிறுத்துகிறது போல, வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை வெளியே வந்தார். ஒரு கையில் மஞ்சளும் குங்குமச் சிமிழும், மறு கையில் சாமி படத்துக்குப் போட்டிருந்த பிச்சிப்பூ. நேராகக் காரின் பின்பக்கம் போனார். முந்தானையால் தகரத்தைத் துடைத்து, நடுவில் மஞ்சள் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். மழை அதைக் கரைத்தது. மறுபடி வைத்தார். மறுபடியும் கரைந்தது. மூன்றாவது தடவை உள்ளே போய்க் குங்குமத்தை எண்ணெயில் குழைத்துக் கொண்டுவந்து அப்பினார். அது நின்றது. பூவை ஸ்பேர் வீலில் சுற்றினார்.

“இனிமே இதுதாம்லே இதுக்கு மொகம்” என்றார். “மொகம் பாத்துத்தான் போறோம். ஏத்துலே!”

கார் கிளம்பியது. பின்பக்கமாக, அல்ல, அத்தையின் கணக்கில் முன்பக்கமாக ஏறியது. நான் வீட்டைப் பார்த்தபடி மேலே போய்க்கொண்டிருந்தேன். அத்தை இன்ஜினுக்கு நேர் எதிரில், கையில் ஒரு முட்டுக்கட்டையோடு நடந்து வந்தார். சறுக்கினால் சக்கரத்தில் போட்டுத் தடுப்பதற்கு. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, காரையே முறைத்துக்கொண்டு வந்தார். சறுக்கித்தான் பாரேன் என்று மிரட்டுகிற முறைப்பு. அந்த ஏற்றம் முழுவதும் நான் வேறு எதையும் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். கார் இருமவில்லை. ரோடு வந்துவிட்டது.

மேலே வந்ததும் அத்தை முட்டுக்கட்டையைத் தூர எறிந்துவிட்டு, சேற்றுக் காலோடு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். “நகருட்டி” என்றார். என் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் எல்லாம் இறக்கமும் சமதரையும்தான். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போனவர்கள், காருக்குப் பின்னால் பொட்டும் பூவும் இருப்பதைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்களாம். இதை என் வீட்டுக்காரர்தான் பிறகு சொன்னார். நான் அப்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குள் போய்க் கொஞ்ச நேரத்தில் பிறந்துவிட்டாள். பெண் பிள்ளை. பிறந்ததும் அழுதாள். அடேயப்பா, என்ன அழுகை! வாசல் வரைக்கும் கேட்டதாம். திரும்பக் கிளம்பாவிட்டால் என்ன செய்வது என்று அவர் இன்ஜினை நிறுத்தாமலே வைத்திருந்தார். அதனால் இருந்த சொட்டுப் பெட்ரோலும் தீர்ந்தது. ஐந்தாம் நாள் வரை தென்காசிக் கடைக்கு டின் வரவில்லை. கடைசியில் அவரே வீட்டுக்குப் போய், தொழுவத்திலிருந்து அந்த இரண்டு மாடுகளையும் அவிழ்த்துக் கொண்டுவந்து காரில் கட்டினார். வருகிற வழியெல்லாம் அவற்றின் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே வந்தார். ஆய்க்குடி அண்ணாச்சி எதிரே வந்தவர் பார்த்துவிட்டு, “நான் அன்னைக்கே சொன்னேம்லா?” என்றார். என் வீட்டுக்காரர் சிரித்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

அப்புறம் உலகச் சண்டைக் காலம் வந்தது. அந்தக் கம்பெனியையே மூடிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினையாம். “அங்கனயும் அதே கதைதானா!” என்றார் அத்தை. எங்கள் கார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆயுத பூஜைக்கு முதல் பொட்டு பின்பக்கம்தான், அப்புறம்தான் முன்பக்கம்.

அந்த நாட்களில் செங்கோட்டையிலிருந்து ஒருவர் வந்தார். வக்கீலின் பழைய காரை வாங்கலாமா என்று யோசனையாம். அதே கம்பெனி என்பதால் எங்களிடம் விசாரிக்க வந்ததாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் வயலுக்குப் போயிருந்தார். ஆக, கடைசியில் என்னிடமே கேட்டார்கள்! நான் ஒன்றையும் மறைக்கவில்லை.

“அண்ணாச்சி, அது ஏத்தத்துல முன்னால ஏறாது. மழை பெஞ்சா உள்ளயும் பெய்யும். ஒரு பக்கத்துக் கதவு தொறக்காது. மாசம் ஒரு வெளக்கமாறு தின்னும். வெள்ளையும் சொள்ளையுமா ஏறுனா அழுக்காத்தான் இறங்குவீக” என்றேன்.

அவர் திகைத்துப்போய், “பெறகு எதுக்கும்மா இத இன்னும் வச்சிருக்கீக?” என்று கேட்டார்.

நான் தோப்புப் பக்கம் திரும்பி, “ஏட்டி, இங்கன வா!” என்று கூப்பிட்டேன். கொய்யா மரத்திலிருந்து குதித்து, வாயில் பாதிப் பழத்தோடு ஓடி வந்தாள். அவள் தலையில் கையை வைத்தேன்.

“இவ அதுல போய்ப் பொறந்தவ, அண்ணாச்சி. வாங்குங்க.”