செருப்பு மிதப்பும் அண்ணனின் மனுவும்

அண்ணன் இறைவனடி சேர்ந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் எழுத எனக்குத் தகுதியில்லை என்று அண்ணியிடம் சொல்லிப் பார்த்தேன். "தம்பி, அவரோடை கனக்கச் சண்டை பிடிச்ச ஆள் ஆர்? நீங்கள்தான் எழுதோணும்" என்று சொல்லிவிட்டார். மறுக்க முடியவில்லை.

பேசாலையில் ஆறு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார் அண்ணன். நான் கடைக்குட்டி. அப்பா வேளைக்கே கண்ணை மூடிவிட, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மீன்பிடி வள்ளம் ஏறினார். போர்க்காலத்தில் எங்களை ஏற்றிக்கொண்டு இந்தியக் கரைக்கு, நாங்கள் சொல்வதுபோல் அக்கரைக்குப் போனார். மணல்திட்டில் நின்ற எங்களை முதலில் கண்டவர்கள் அங்கத்தைய கடற்றொழிலாளர்கள். தாங்கள் கட்டிக்கொண்டு வந்த சோற்றை எங்களுக்குத் தந்துவிட்டு வெறும் வயிற்றோடு தொழிலுக்குப் போனார்களாம். எனக்கு அப்போது நான்கு வயது, ஒன்றும் நினைவில்லை. அண்ணன் அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அங்கத்தைய அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பிய பின் கடற்றொழிலாளர் சங்கத்தைத் தூக்கி நிறுத்தியவர் அவரே. ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு அலுமாரி, மை கசியும் ஒரு பேனை, அவ்வளவுதான் அவருடைய சங்க அலுவலகம், அந்தக் கந்தோர். யார் ஏசினாலும் கோபம் வராது. எனக்கு அதுதான் பொறுக்காது.

பிறகு அக்கரையின் இழுவைப் படகுகள், றோலர்கள், எங்கள் கடலுக்குள் வரத் தொடங்கின. விரித்திருந்த வலைகளை வாரிக்கொண்டு போயின. ஒருநாள் என் வலை போய் வெறும் கயிறுதான் மிஞ்சியது. கடலில் கல்லெறி, கரையில் மறியல். இரண்டு பக்கத்து மேடைகளிலும் நாட்டை இழுத்துப் பேசினார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு றோலரைப் பிடித்துக் கொண்டுவந்து கொளுத்துவோம் என்று ஊர் இளைஞர்களை, எங்கள் பொடியளைத் திரட்டினேன்.

அண்ணன் வேறு வழி போனார். தபால், ஆசிரியர், துறைமுகம் என்று மற்றத் தொழிற்சங்கங்களையும் சேர்த்துக்கொண்டு, நிலைமை முற்றுமுன் இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேச வேண்டும் என்று மனு எழுதினார். அக்கரைச் சங்கங்களும் இணங்கின. சங்கத்தில் எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள், என்னைத் தவிர.

"மனுவாம் மனு! றோலர்க்காரன் மனு வாசிச்சுப்போட்டோ வாறான்?" என்று கத்தினேன்.

"டேய், நாங்கள் கத்தி தூக்கினால் அங்கால துவக்குத் தூக்குவாங்கள். படகுக்காரன்ர சண்டை நாட்டுச் சண்டையாப் போயிடும். ஒரு யுத்தம் பார்த்தது காணாதோ உனக்கு?"

"நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"அப்ப நானும் அனுப்பமாட்டன். என்ர தம்பியே கேக்காத மனுவை அரசாங்கம் கேக்குமோ?"

சொன்னபடியே மனுவை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். சங்கத்தார் என்னைக் கண்டால் பல்லைக் கடித்தார்கள்.

எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. கடலில் யாருடைய வலை சிக்கினாலும் கத்தி வைக்கமாட்டோம். விரலால் பிரித்து, வலையைத் தூக்கிப் பிடிக்கும் மிதப்பைச் சரிசெய்து விட்டுவிடுவோம். அந்தக் கிழமை ஒரு காலையில் என் வலையோடு வேறொரு வலை பின்னிக் கிடந்தது. கட்டியிருந்த விதத்தைப் பார்த்தேன், அக்கரை வலை. கத்தியை எடுத்துத் துண்டு துண்டாக வெட்டினேன். ஒரு மிதப்பை மட்டும் கொண்டுவந்து அண்ணனின் மேசையில் எறிந்தேன்.

"இந்தாங்கோ, என்ர கையெழுத்து!"

அண்ணன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தேய்ந்த இரப்பர்ச் செருப்பை வெட்டிச் செய்த மிதப்பு. சின்னப்பிள்ளையின் செருப்பு, வார் போட்ட ஓட்டைகூட அப்படியே இருந்தது.

"றோலர்க்காரன் செருப்பு வெட்டி மிதப்புக் கட்டுவானோடா?" என்று மட்டும் கேட்டார்.

நாங்கள் முகாமிலிருந்து திரும்பிய வருடம், மிதப்பு வாங்க வழியில்லாமல் என் செருப்பை வெட்டித்தான் அவர் கட்டினார். நான் வெட்டியது றோலர்க்காரனின் வலை இல்லை. எங்களைப்போல ஒரு வள்ளக்காரனின் வலை, நீரோட்டத்தில் இழுபட்டு வந்திருக்கிறது. ஐயோ, என்ன பாவம் செய்துபோட்டேன்! மனுவைக் கேட்டு வாங்கினேன். கடைசியில் கிடந்த வெற்றிடத்தில் கையெழுத்து வைத்தேன்.

மனு போனது. அரசுகள் உட்காருமுன் இரு கரைச் சங்கங்கள்தான் சந்தித்தன. அண்ணன் அந்த மிதப்பை மேசையில் வைத்து, "இந்த வலையை வெட்டினது என்ர தம்பி. முதல்ல நாங்கள் மன்னிப்புக் கேக்கிறம்" என்றார். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. எதிரே இருந்த அக்கரைச் சங்கத்தவர் ஒருவர் எழுந்தார். "எங்க போட்டுங்க அழிச்ச வலைக்கு இதுவரைக்கும் நாங்க யாரும் மன்னிப்புக் கேட்டதில்லைங்க. இப்ப கேக்குறேன்" என்றார். அதன்பிறகே பேச்சுத் தொடங்கியது. அரசுகளும் பின்னால் வந்து உட்கார்ந்தன. றோலர் இன்னும் வருகிறது, பொய் எழுதமாட்டேன். ஆனால் நான் திரட்டிய பொடியள் ஒருவரும் கொளுத்தப் போகவில்லை. எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள்.

கடைசி நாட்களில் சிறுநீரக நோய் அண்ணனை உருக்கிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, "அந்த வலைக்காரனைக் கண்டுபிடிச்சனியோ?" என்று கேட்பார். "இன்னும் இல்லை அண்ணை" என்பேன்.

அவரைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியர்க்கும், இறுதிவரை ஜெபித்த பங்குத்தந்தைக்கும், பெட்டிக்குத் தோள்கொடுத்த சிலாவத்துறை முஸ்லிம் கடற்றொழிலாளர்களுக்கும், இரங்கல் அனுப்பிய அக்கரைச் சங்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் தெரியாத வலைக்காரரே, உங்களிடம் நன்றி சொல்லும் நிலையில் நான் இல்லை. இந்த மலர் எப்படியாவது உங்கள் கையில் கிடைத்தால் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளையின் செருப்புத் துண்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

உறவுகளே, கடலில் மறுபடியும் சூடு ஏறுகிறது. ஆண்டுத் திருப்பலிக்குப் பிறகு மண்டபத்தில் சாப்பாடு உண்டு. வாசலில் அண்ணனின் மேசையைப் போட்டு, புதிய மனு ஒன்றை வைத்திருக்கிறேன். வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்து வைத்துவிட்டுப் போங்கள். முதல் கையெழுத்து என்னுடையது.