மூவார் ஃபேக்டரியில் அழிக்காமல் வைத்த காப்பிகள்

முதலில் நினைவுக்கு வருவது அந்த வாசனைதான்... வார்னிஷும் மரத்தூளும் கலந்து மூக்கில் ஏறும் வாசனை.

மலேசியாவில், மூவாரில் ஒரு ஃபர்னிச்சர் ஃபேக்டரி. டிப்ளோமா முடித்த கையோடு குளுவாங்கிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தேன். முதல் வேலை. ஐடி டிபார்ட்மென்ட் என்றால் நான் ஒருத்திதான்!

நாற்காலி, மேசை டிராயிங் எல்லாம் அப்போது அவரவர் கம்ப்யூட்டரில் இருக்கும். ஆள் லீவு போட்டால் டிராயிங்கும் லீவு. பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் ஓடிக்கொண்டே இருப்பார்கள்.

அதற்காகத்தான் எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஸ்டோரேஜ் பெட்டி வாங்கச் சொன்னேன். உள்ளே நான்கு டிஸ்க். ஒன்று கெட்டாலும் மற்றவை தாங்கும். எந்த ஃபோல்டரை யார் பார்க்கலாம், யார் மாற்றலாம் என்று நானே உட்கார்ந்து பிரித்தேன். தூசு போகாமல் கண்ணாடி அலமாரிக்குள் வைத்தேன். அவ்வளவு பெருமை எனக்கு...

டிராயிங் செக்‌ஷனில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

"இனிமே எல்லாம் இதுலதான் வைக்கணும். உங்ககிட்ட இருக்கிற பழைய காப்பிய அழிச்சிடுங்க. இல்லன்னா எது புதுசு, எது பழசுன்னு குழப்பம் வரும்."

அங்கே சீனியர் சாந்தி அக்கா. "சரிமா, அழிச்சிடுறோம் லா," என்றார். பக்கத்து மேசைச் சீனர் ஆ மெங்கும் தலையாட்டினார்.

பேக்கப்புக்கு இன்னொரு பெட்டியும் கேட்டிருந்தேன். முதலாளி, இது ஒழுங்காக ஓடட்டும், பிறகு பார்க்கலாம் என்றுவிட்டார்.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலை, ஒரு டிஸ்க் கெட்டுப்போனது. பயப்படவில்லை. புது டிஸ்க்கை மாட்டினேன். மற்ற டிஸ்க்குகளிலிருந்து அது டேட்டாவை நிரப்பிக்கொண்டிருந்தபோதே... இன்னொரு டிஸ்க்கும் போய்விட்டது. ஒன்று போனால் தாங்கும், இரண்டு போனால் எல்லாமே போச்சு.

எல்லோர் ஸ்கிரீனிலும் ஃபோல்டரைக் காணவில்லை. டிராயிங் வராததால் கீழே மரம் வெட்டும் மெஷின் நின்றுவிட்டது. அந்த வாரம் கப்பல் ஏற வேண்டிய ஆர்டர் வேறு. மெஷின் சத்தம் நின்ற அந்த நிமிஷமே வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டினேன்.

சாந்தி அக்கா உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"ஜெயா, திட்டக் கூடாது. நீ அழிக்கச் சொன்னல்ல... நான் அழிக்கல."

"எதைக்கா?"

"எதையுமே அழிக்கல. புதுசா வரையிறதையும் ரெண்டு எடத்துல வச்சிட்டுதான் வரேன். நீ பாத்துடுவேன்னு 'கல்யாண ஃபோட்டோ'ன்னு பேர் போட்டு வச்சிருக்கேன்."

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பின்னாலேயே ஆ மெங் தன் டிராயரிலிருந்து ஒரு ஹார்டு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வந்தார். அப்புறம் ஒவ்வொருத்தராக, திருட்டு முழியோடு... யாருமே அழித்திருக்கவில்லை!

எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தேதி பார்த்து, எது கடைசியாக வரைந்தது என்று சத்தம் போட்டுச் சொல்லிச் சொல்லிச் சேர்த்தோம். சாப்பாட்டை யாரோ பொட்டலமாக வாங்கி வந்தார்கள். கிடைக்காத சில டிராயிங்குகளுக்கு, சாந்தி அக்கா ஷோரூம் நாற்காலியைக் கவிழ்த்துப்போட்டு டேப்பால் அளந்து மறுபடி வரைந்தார். வேலை முடியும் நேரத்துக்குள் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது.

முதலாளி மேலே வந்து என்ன ஆனது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா மலாயில் முந்திக்கொண்டார். "ஜெயா சுடா செட்டல், போஸ்." ஜெயா சரிபண்ணிவிட்டாளாம்! ஆ மெங்கும் ஆமாம் என்றார். மற்ற எல்லோரும் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேக்கப் பெட்டிக்கு முதலாளி அந்த மாதமே சரி சொல்லிவிட்டார்.

இப்போது செனாய் டவுனில், ஒரு டேட்டா சென்டரில் வேலை. ஒரு பெரிய அறை முழுக்க டிஸ்க்தான். ஒன்று கெட்டால் எனக்கு மெயில் வரும், மாற்றிவிடுவோம். யாருக்கும் எதுவும் தெரியாது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். அந்த ஃபோல்டர்களைத் திறக்கிறவர்களில் பாதிப் பேர் முகம்கூட எனக்குத் தெரியாது...

ஆனால் என்னை இந்த வேலையில் நிற்க வைத்தவர்கள், நான் சொன்னதைக் கேட்காத அந்த ஒரு ரூம் ஆட்கள்தான். அன்றைக்கு அவர்களுக்கு நன்றி சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை, அழுகையை அடக்குவதே பெரிய பாடாக இருந்தது.

சாந்தி அக்கா, நான் இதைப் போடுகிற இந்த குரூப்பில் நீங்களும் இருக்கிறீர்கள் என்று தெரியும்... ரொம்ப தேங்க்ஸ்கா.