கற்பூரம் அணைத்த எம்.எல்.ஏ.

நேற்று டி.வி.யில் சட்டசபையைக் காட்டினார்கள். ஏதோ பள்ளிக்கூட மசோதா. பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது சர்க்காரா, பெற்றவர்களா என்று ஒரே கூச்சல். ஓட்டுக்கு விடப்போகிறார்கள் என்றதும் என்னால் உட்கார முடியவில்லை. சமையலறைக்குப் போனேன், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தேன். வாசலுக்கும் ஒரு நடை. “இன்னா அத்தே, ஒரு எடத்துல ஒக்கார மாட்டேங்கறீங்க?” என்றாள் மருமகள். அவளிடம் சொன்னால் சீரியல் போய்விடும். உங்களிடம் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் திருத்தணி மலைப்படி தொடங்கும் இடத்தில் நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, பூசைக்கடை. தேங்காய், பழம், கற்பூரம். கற்பூரம் கரைந்து போகாமல் இருக்க டப்பாவில் மிளகு போட்டு வைப்போம். என் பாவாடை, தலைமுடி எல்லாம் அந்த வாசனைதான். “உங்க ஊட்ல தெனம் தீபாராதனையா?” என்று வகுப்பில் பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பிடித்துக்கொள்வாள். பிடிக்கட்டுமே. எனக்குப் பள்ளிக்கூடம் என்றால் உயிர். எங்கள் கணக்கு வாத்தியார் தமிழில் பாடம் நடத்துவார், தெலுங்கில் திட்டுவார். இரண்டுமே எனக்கு இனிக்கும். அப்போது நான்காவது படித்துக்கொண்டிருந்தேன்.

தம்பி பாலு எனக்கு நேர்மாறு. இரண்டாவதோடு நைனா அவனை நிறுத்திக் கடையில் உட்காரவைத்தபோது சந்தோஷத்தில் குதித்தான். ரயிலிறங்கி வரும் கிருத்திகைக் கூட்டத்தை இரண்டு பாஷையிலும் கூவி இழுப்பதில் சூரன். என்னை எப்போது நிறுத்துவாரோ என்று எனக்குத் தினமும் பயம்.

அப்போதுதான் சென்னையில் புதுச் சட்டம் வருகிறது என்ற பேச்சு கிளம்பியது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு அபராதமாம். எங்கள் கடை முன்னால் தினமும் கூட்டம் கூடியது. “பெத்தவன் நானு. எம்புள்ளைய இன்னா பண்றதுன்னு மெட்ராஸ்ல ஒக்காந்துகினு அவனுங்க எப்படிக் கை தூக்கலாம்?” என்று நைனா கத்துவார். பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்த நெசவாளி ஒருவர் கத்தவில்லை. “பசங்க நூல் சுத்தித் தரலன்னா தறி நின்னுபூடுங்க. அப்புறம் சோறு?” என்று மட்டும் கேட்டார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் அந்தச் சட்டம் வந்தே தீர வேண்டும் என்று நான் துடித்தேன். வந்துவிட்டால் நைனாவால் என்னை நிறுத்த முடியாது அல்லவா?

எங்கள் பக்கத்தில் சத்தியம் என்றால் வாயால் சொன்னால் போதாது. கற்பூரத்தை ஏற்றி உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அதை மீறினால் முருகன் சும்மா விடமாட்டான் என்பது ஊர் நம்பிக்கை. ஆடிக் கிருத்திகைக்கு வந்த எங்கள் எம்.எல்.ஏ.வைப் படியிலேயே வளைத்துக்கொண்டார்கள். நைனா கடைத் தட்டில் கற்பூரம் ஏற்றி நீட்டினார். “பெத்தவங்க உரிமைய உட்டுக்குடுக்க மாட்டேன்னு அணைங்க.” மனுஷர் மலையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், படாரென்று அடித்து அணைத்தார். முருகா, இந்தச் சத்தியம் பொய்யாகட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். ஊரே ஒரு பக்கம் நிற்க, என் மனுவை அவன் எங்கே கவனிக்கப் போகிறான்!

சட்டம் நிறைவேறியது. எம்.எல்.ஏ.வும் ஆதரித்துத்தான் கை தூக்கினாராம். நான் ஓடிப்போய்க் கொல்லையில் தனியாக ஆடினேன். நைனா சாப்பிடாமல் படுத்துவிட்டார். சில நாளில் எம்.எல்.ஏ. நேராகக் கடைக்கே வந்தார்.

“கோச்சிக்காதீங்க. கட்சி உத்தரவு, ஆம்பளப் பசங்க விஷயத்துல கை தூக்கிட்டேன். ஆனா சாமி சத்தியத்த மறக்கலீங்க. பொண்ணுங்க விஷயம் பெத்தவங்க இஷ்டந்தான்னு சண்ட போட்டுச் சட்டத்த மாத்த வெச்சேன்.”

நைனாவின் முகம் தெளிந்தது. “ஆங், அது போதுங்க” என்றார். வந்தவருக்குச் சோடா உடைத்துக் கொடுத்தது நான்தான்.

அப்படியும் எனக்கு ஒரு நப்பாசை. பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பள்ளிக்கூட அதிகாரி வந்த காலையில் தலை பின்னி, சிலேட்டை அணைத்துக்கொண்டு கடை முன்னால் நின்றேன். பாலு தேங்காய் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். அதிகாரி அவனைப் பிய்த்து எடுத்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். “பயப்படாத பாப்பா. உன்ன யாரும் இழுத்துகினு போவமாட்டாங்க.” பாலுவின் இடம் காலியாக இருந்தது. நைனா சிலேட்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டு என்னை அங்கே உட்காரவைத்தார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

பாலு படித்தான், ரயில்வேயில் வேலைக்குப் போனான். பிறகு சட்டமும் மாறியது, கடை இருந்த இடத்தில் ரோடு வந்தது. ரிட்டயரான பிறகு ஒருநாள் திடீரென்று கேட்டான்: “அன்னிக்கு நீ ஏங்க்கா வாயத் தொறக்கல? எங்கிட்டயாவது சொல்லியிருந்தா, அக்கா வந்தாத்தான் போவேன்னு அழுதிருப்பேன்ல?”

அத்தனை வருஷத்தில் என்னை அப்படிக் கேட்டவன் அவன் ஒருவன்தான். போன தை மாதம் அவனும் போய்விட்டான்.